மூலமும் உரையும் போல: கணிப்பொறிக் கோப்பகங்களுக்கு ஓர் எல்லை வேண்டும்

ஏட்டுச் சுவடிகளைப் பதிப்பித்த தமிழறிஞர்கள் எதிர்கொண்ட பெரும் இடர்ப்பாடுகளுள் ஒன்று, மூலம் எது, உரை எது எனப் பிரித்தறிவதாகும். சுவடியில் மூலமும் உரையும் உரையாசிரியர் காட்டும் மேற்கோளும் இடைவெளியின்றித் தொடர்ந்து ஓடும். படியெடுப்போர் உரையின் வரியொன்றை மூலத்துள் சேர்த்துவிட்டால் அது இடைச்செருகலாகிவிடும். அதன்பின் நூலாசிரியர் கூறியது இது, பின்வந்தோர் சேர்த்தது இது என்று அறுதியிட்டுரைக்க எவராலும் இயலாது. இரண்டும் உயர்ந்தவையே. எனினும் இரண்டும் ஓரிடத்தில் கலந்துவிட்டால் இரண்டிற்கும் கேடு.

கணிப்பொறி உலகிலும் இதே வினா அரை நூற்றாண்டாக எழுந்துகொண்டிருக்கிறது. கணிப்பொறியை இயக்கும் அடிப்படைத் தொகுதி இயங்குதளம். அதன்மேல் நாம் நம் தேவைக்காக நிறுவிக்கொள்வன பயன்பாட்டு மென்பொருள்கள். முன்னது மூலம் போன்றது. பின்னது உரை போன்றது. இவ்விரண்டின் கோப்புகளையும் ஒரே கோப்பகத்தில் வைக்கலாமா, அன்றி இரண்டிற்கும் வெவ்வேறு இடம் வகுக்க வேண்டுமா என்பதே அவ்வினா. இது பொறியாளர்தம் உள்வீட்டுப் பூசல் என்று தமிழ் மாணவர் ஒதுக்கிவிட வேண்டா. எழுத்துருக்களும் அகராதிகளும் சொல்லடைவுகளும் கணிப்பொறியில் குடியேறிவிட்ட காலம் இது. அவை எங்கே வைக்கப்பட வேண்டும் என்பது நமக்கும் உரிய வினாவே. இதுபற்றி எனக்குத் தோன்றும் கருத்தை ஈண்டு முன்வைக்கிறேன்.

பிரிவு தோன்றிய வரலாறு

அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கினர். 1971ஆம் ஆண்டளவில் அது பி.டி.பி-11 என்னும் கணிப்பொறியில் இயங்கியது. அன்றைய வட்டுகளின் கொள்ளளவு இன்று நமக்கு வியப்பளிக்கும். அக்காலத்தில் பயன்பட்ட ஆர்.கே.05 என்னும் வட்டு ஏறத்தாழ 2.5 மெகாபைட் மட்டுமே கொள்ளும். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு நிழற்படம் அதனை நிரப்பிவிடும்.

இயங்குதளத்தின் நிரல்கள் ‘பின்’ என்னும் கோப்பகத்தில் இருந்தன. பயனாளர்களின் கோப்புகள் மற்றொரு வட்டில் ‘யு.எஸ்.ஆர்’ என்னும் கோப்பகத்தில் இருந்தன. ‘யூஸர்’, அதாவது பயனாளர், என்னும் சொல்லின் குறுக்கமே அப்பெயர். இயங்குதளம் வளர்ந்தது, முதல் வட்டில் இடம் போதவில்லை. எஞ்சிய நிரல்களைப் பயனாளர் வட்டிலேயே ‘யு.எஸ்.ஆர்/பின்’ என்று வைத்தனர். நாளடைவில் பயனாளரின் கோப்புகள் அங்கிருந்து வேறிடம் பெயர்ந்தன. பயனாளரின் பெயரைத் தாங்கிய கோப்பகத்தில் இன்று பயனாளரின் கோப்பு ஒன்றுகூட இல்லை. இயங்குதளமே முழுமையாகக் குடியிருக்கிறது. விருந்தினராக வந்தவர் வீட்டுக்காரரான கதை இது.

இடப்பற்றாக்குறையால் நேர்ந்த இப்பிரிவுக்குப் பின்வந்தோர் காரணங்கள் கற்பித்தனர். கணிப்பொறி உயிர்பெற்று எழுவதற்குத் தேவையானவை ‘பின்’ கோப்பகத்தில் இருக்க வேண்டும் என்றும், எழுந்தபின் தேவைப்படுவன ‘யு.எஸ்.ஆர்/பின்’ கோப்பகத்தில் இருக்கலாம் என்றும் விதி வகுத்தனர். வழக்கு முதலில் தோன்றியது. இலக்கணம் பின்னர் எழுந்தது.

மரபை நூலாக்கிய முயற்சி

1990களின் தொடக்கத்தில் லினக்ஸ் பரவியபோது அதனைத் தொகுத்து வழங்கியோர் பலராயினர். ஒவ்வொருவரும் கோப்புகளைத் தத்தம் விருப்பப்படி வைத்தனர். ஒருவரது வழங்கலுக்கென எழுதிய மென்பொருள் மற்றொருவரது வழங்கலில் தன் கோப்புகளைக் காணாது தடுமாறியது. இக்குழப்பத்தைத் தீர்க்க 1993ஆம் ஆண்டு ஒரு குழு முனைந்து, 1994 பிப்ரவரியில் லினக்ஸ் கோப்பகத் தரநிலையை வெளியிட்டது. பி.எஸ்.டி மரபைச் சார்ந்தோரும் பின்னர்க் கருத்துரைக்க, 1997ஆம் ஆண்டு அது ‘கோப்பகப் படிநிலைத் தரம்’ என்னும் புதுப்பெயருடன் இரண்டாம் பதிப்புக் கண்டது. 2004ஆம் ஆண்டு 2.3 என்னும் பதிப்பும், 2015ஆம் ஆண்டு 3.0 என்னும் பதிப்பும் வந்தன.

இத்தரநிலை கோப்புகளைப் பகுக்க இரண்டு வினாக்களை எழுப்புகிறது. இக்கோப்பைப் பல கணிப்பொறிகள் பகிர்ந்துகொள்ளலாமா, கூடாதா என்பது ஒன்று. இக்கோப்பு நிலையானதா, மாறிக்கொண்டே இருப்பதா என்பது மற்றொன்று. இரண்டும் நல்ல வினாக்களே. ஆயினும் இவற்றினும் முந்தி எழ வேண்டிய வினா ஒன்று உண்டு. இக்கோப்பை மாற்றும் உரிமை யாருக்கு உரியது என்பதே அவ்வினா.

தரநிலை இதனை முற்றும் மறந்துவிடவில்லை. ‘யு.எஸ்.ஆர்/லோக்கல்’ என்னும் கோப்பகம் கணிப்பொறி நிருவாகி தாமே நிறுவும் மென்பொருள்களுக்கென ஒதுக்கப்பட்டுள்ளது. இயங்குதளத்தைப் புதுப்பிக்கும்போது அங்குள்ளவற்றின்மேல் எதனையும் எழுதிவிடாமல் காக்க வேண்டும் என்பது விதி. ‘ஆப்ட்’ என்னும் கோப்பகம் வெளியார் வழங்கும் மென்பொருள் தொகுதிகளுக்கு உரியது. ஒவ்வொரு தொகுதியும் அங்கே தனக்கெனத் தனியறை பெறும். எனினும் இவை தரநிலையின் கிளை விதிகளாக நிற்கின்றனவேயன்றி அதன் அடிப்படை விதியாக நிற்கவில்லை. உரிமை பற்றிய வினாவை முதலில் வைத்திருந்தால், பின்னெழுந்த பூசல்களுள் பல எழாமலே போயிருக்கும் என்பது என் துணிபு.

இரு நெறிகள்

இவ்வினாவுக்கு இரண்டு மரபுகள் இரு வேறு விடைகளைத் தந்துள்ளன.

பி.எஸ்.டி மரபில் வந்த ஃப்ரீ பி.எஸ்.டி இயங்குதளத்தில் கருவும் அடிப்படைக் கருவிகளும் ஒரே குழுவினரால் ஒரே மூலத்தொகுதியாக உருவாக்கப்படுகின்றன. அவை ‘பின்’, ‘யு.எஸ்.ஆர்/பின்’ முதலிய இடங்களில் அமர்கின்றன. பயனாளர் சேர்க்கும் மென்பொருள் எதுவாயினும் ‘யு.எஸ்.ஆர்/லோக்கல்’ கோப்பகத்தின் கீழேதான் செல்லும். அதன் அமைவுக் கோப்புகள்கூட அங்கேயே தனி இடத்தில் இருக்கும். சேர்த்தவை அனைத்தையும் ஒருங்கே நீக்கிவிட்டாலும் அடிப்படை இயங்குதளம் ஊறின்றி நிற்கும்.

லினக்ஸ் வழங்கல்களில் நிலைமை வேறு. அங்கே கரு ஒருவருடையது, கருவிகள் வேறொருவருடையவை, திரைமுகம் மற்றொருவருடையது. இவற்றையெல்லாம் பொதிகளாகக் கட்டி வழங்குவோர் இன்னொருவர். எனவே எது இயங்குதளம், எது பயன்பாடு என்று கோடு கிழிப்பது எளிதன்று. வழங்குவோர் கட்டிய பொதி எதுவாயினும் ‘யு.எஸ்.ஆர்’ கோப்பகத்துள் செல்லும். கணிப்பொறியை எழுப்பும் நிரலும், நேரம் போக்க நிறுவிய விளையாட்டும் ‘யு.எஸ்.ஆர்’ என்னும் ஒரே கூரையின்கீழ் வாழ்கின்றன. எக்கோப்பு எப்பொதிக்கு உரியது என்பதைப் பொதி மேலாளி என்னும் நிரல் தன் ஏட்டில் குறித்து வைத்துக்கொள்கிறது.

லினக்ஸ் நெறியினர் இதற்குக் கூறும் காரணம் வலிமையற்றதன்று. பி.எஸ்.டி குழுவினர் கிழித்த கோடும் அசையாததன்று என்பதை அவர்கள் சுட்டுவர். பெர்ல் மொழி ஒருகாலத்தில் ஃப்ரீ பி.எஸ்.டியின் அடிப்படைத் தொகுதியில் இருந்தது; ஐந்தாம் பதிப்பில் வெளியேற்றப்பட்டது. அதனால் அதன் முகவரி மாறியது. பழைய முகவரியைத் தம் முதல் வரியில் தாங்கியிருந்த எண்ணற்ற நிரல்கள் பெர்லைத் தேடி அலைந்தன. பழைய முகவரியில் ஓர் இணைப்பை வைத்துத்தான் அவற்றைக் காக்க வேண்டியிருந்தது. 2014ஆம் ஆண்டு வெளிவந்த பத்தாம் பதிப்பில் பைண்ட் என்னும் பெயர்வழங்கி மென்பொருளும் அவ்வாறே வெளியேறியது. இயங்குதளம் எது என்பதே காலந்தோறும் மாறுமாயின், அம்மாற்றத்திற்கேற்பக் கோப்புகளை இடம்பெயர்ப்பது ஏன் என்று அவர்கள் வினவுவர்.

இவ்வினா ஞாயமானதே. எனினும் எல்லைக்கல்லை ஒருமுறை நகர்த்த நேர்ந்தது என்பதற்காக எல்லையே வேண்டா என்று எவரும் கூறார்.

நீக்கத் தக்க பிரிவு

எல்லை வேண்டும் என்பதால் பழைய எல்லைகள் அனைத்தும் வேண்டும் என்பது பொருளன்று. ‘பின்’ என்றும் ‘யு.எஸ்.ஆர்/பின்’ என்றும் இரண்டு கோப்பகங்கள் இருந்தமைக்கு வட்டின் சிறுமையே காரணம் என்று கண்டோம். கணிப்பொறி எழும் வேளையில் தேவைப்படும் கருவிகளைச் சுமந்துவரும் தற்காலிகக் கோப்பமைப்பு ஒன்று இன்று லினக்ஸில் உண்டு. பழைய ‘பின்’ கோப்பகத்தின் கடமையை அதுவே ஆற்றிவிடுகிறது. ஆகவே 2012ஆம் ஆண்டு ஃபெடோரா 17 இவ்விரண்டையும் ஒன்றாக்கியது. பழைய பெயர் புதிய இடத்தைச் சுட்டும் இணைப்பாக மட்டும் எஞ்சியது. டெபியன் வழங்கலில் இதுபற்றிப் பல்லாண்டுகள் கடும் விவாதம் நிகழ்ந்தது. 2019இல் வந்த பத்தாம் பதிப்பில் புதிதாக நிறுவப்படும் கணிப்பொறிகளில் இணைப்பு இயல்பாயிற்று. 2023இல் வந்த பன்னிரண்டாம் பதிப்பில் அது கட்டாயமாயிற்று.

இவ்விணைப்பை மரபுக்கு இழைத்த கேடென்று வருந்துவோர் உளர். நான் அவ்வாறு கருதவில்லை. ‘பின்’, ‘யு.எஸ்.ஆர்/பின்’ என்னும் இரண்டிற்கும் உரியவர் ஒருவரே. உரியவர் ஒருவரானால் இரண்டு அறைகள் தேவையில்லை. இவ்விணைப்பால் ஒரு நன்மையும் விளைந்தது. வழங்குவோருக்கு உரியன யாவும் ‘யு.எஸ்.ஆர்’ என்னும் ஓரிடத்தில் திரண்டன. ஓரிடத்தில் திரண்டதைப் பூட்டி வைப்பது எளிது. ஃபெடோரா சில்வர்புளூ போன்ற வழங்கல்களில் ‘யு.எஸ்.ஆர்’ படிக்க மட்டுமே இயலும் கோப்பகமாகப் பூட்டப்பட்டுள்ளது, ‘ஆப்ட்’, ‘யு.எஸ்.ஆர்/லோக்கல்’ ஆகியவை மாறத்தக்க பகுதிக்குப் பெயர்க்கப்பட்டுள்ளன. பயனற்ற எல்லை நீங்கியதால் பயனுள்ள எல்லை தெளிவு பெற்றது.

எல்லை மீறலின் விளைவு

எல்லை பேணாவிடின் விளைவது யாது? இரண்டு சான்றுகள் போதும்.

1990களில் விண்டோஸ் இயங்குதளத்திற்கென எழுதப்பட்ட மென்பொருள்கள், தமக்குத் தேவையான பொது நிரலகக் கோப்புகளை இயங்குதளத்தின் கோப்பகத்திலேயே கொண்டுவந்து இறக்கின. புதிதாக வந்த மென்பொருள் பழைய கோப்பின்மேல் தன் கோப்பை எழுதிவிடும். முன்னர் நன்கு இயங்கிய மற்றொரு மென்பொருள் மறுநாள் இயங்க மறுக்கும். பொறியாளர்கள் இதற்கு ‘டி.எல்.எல் நரகம்’ என்றே பெயரிட்டனர். விண்டோஸ் 2000 தன் கோப்புகளைக் காத்துக்கொள்ளும் ஏற்பாட்டுடன் வந்தது அதன் பின்னரே.

இரண்டாவது சான்று அண்மைக் காலத்தது. பல லினக்ஸ் வழங்கல்களின் உட்கருவிகள் பைத்தான் மொழியில் எழுதப்பட்டவை. பைத்தான் கற்கும் மாணவரும் அதே பைத்தானைப் பயன்படுத்துகிறார். அம்மொழிக்கு ‘பிப்’ என்னும் தனி நிறுவி உண்டு. மாணவர் ஒருவர் தம் பயிற்சிக்காக நிருவாகியின் அதிகாரத்துடன் ‘பிப்’ வழியே ஒரு நிரலகத்தின் புதிய பதிப்பை நிறுவுவார். அது வழங்குவோர் வைத்த பழைய பதிப்பை நீக்கிவிடவோ மறைத்துவிடவோ கூடும். பழையதை நம்பியிருந்த இயங்குதளக் கருவி அன்றே செயலிழக்கும். மாணவர் செய்தது பிழையன்று. அவர் தம் பாடத்தைத்தான் செய்தார். அவருக்கெனத் தனியிடம் வகுத்துக் காட்டாததே பிழை. இதற்குத் தீர்வாகப் பைத்தான் சமூகம் 668ஆம் எண் முன்மொழிவை ஏற்றது. அதன்படி, 2023இல் வெளிவந்த டெபியன் 12 வழங்கலில் இயங்குதளத்தின் பைத்தான் பகுதியில் ‘பிப்’ நிறுவ முனைந்தால், இது வழங்குவோரின் பொறுப்பில் உள்ள இடம், உமக்கெனத் தனிச்சூழல் அமைத்துக்கொள்க என்னும் கருத்துப்பட ஓர் எச்சரிக்கை எழுந்து தடுக்கிறது. எல்லைக்கோட்டை முதலிலேயே கிழிக்காதவர்கள், பல்லாண்டு இடர்ப்பட்டபின் காவலரை நிறுத்தினர்.

கையிலிருக்கும் சான்று

எல்லை பேணியதன் நன்மையை அறிய நெடுந்தொலைவு செல்ல வேண்டா. நம் கைப்பேசியே போதும். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் இயங்குதளம் ‘சிஸ்டம்’ என்னும் பகுதியில், படிக்க மட்டுமே இயலுமாறு வைக்கப்பட்டுள்ளது. நாம் நிறுவும் செயலிகள் ‘டேட்டா’ என்னும் வேறொரு பகுதியில் இருக்கின்றன. கைப்பேசி தடுமாறும்போது ‘ஃபேக்டரி ரீசெட்’ செய்கிறோம். நாம் சேர்த்தவை யாவும் அழிந்து, இயங்குதளம் மட்டும் எஞ்சிப் புதுக்கருக்குடன் எழுகிறது. எல்லை தெளிவாக இருப்பதால்தான் எதனை அழிப்பது, எதனை விடுவது என்பதை ஒரு பொத்தானால் முடிவுசெய்ய இயல்கிறது.

ஆப்பிள் நிறுவனமும் இவ்வழியே சென்றது. 2015ஆம் ஆண்டு மேக் கணிப்பொறிகளில் இயங்குதளக் கோப்பகங்களை நிருவாகியும் மாற்றவியலாதவாறு பூட்டியது. ஆனால் ‘யு.எஸ்.ஆர்/லோக்கல்’ கோப்பகத்தை மட்டும் பயனாளருக்கெனத் திறந்துவிட்டது. 2019இல் இயங்குதளத்தையே படிக்க மட்டும் இயலும் தனிப்பகுதிக்கு மாற்றியது.

சில மறுப்புகள்

எக்கோப்பு எவருடையது என்பதைப் பொதி மேலாளி அறியும்போது, கோப்பகத்தாலும் பிரிப்பது மிகையன்றோ என்பர் சிலர். மேலாளியின் ஏடு சிதைந்தால் என் செய்வது? மேலாளியின் துணையின்றிக் கையால் நிறுவியதை அது எங்ஙனம் அறியும்? ஏட்டைப் புரட்டித்தான் உரிமையை அறிய வேண்டும் என்பதைவிட, இருக்கும் இடமே உரிமையைக் கூறுமாறு அமைப்பது மேலானது.

ஒவ்வொரு மென்பொருளுக்கும் தனித்தனி அறை கட்டிவிட்டால் என்ன என்பர் வேறு சிலர். கோபோலினக்ஸ் அவ்வாறே ‘புரோகிராம்ஸ்’ என்னும் கோப்பகத்தின்கீழ் ஒவ்வொன்றிற்கும் தனியிடம் தந்தது. நிக்ஸ் அமைப்பு ஒவ்வொரு பதிப்பையும் தனிமுகவரியிட்டு வைக்கிறது. ஒரே மென்பொருளின் இரு பதிப்புகள் அங்கே மோதலின்றி வாழும். இவை போற்றத்தக்க முயற்சிகள். ஆனால் பழைய முகவரிகளை நம்பி எழுதப்பட்ட மென்பொருள்களை இவற்றில் இயக்கத் தனி ஏற்பாடுகள் தேவைப்படுகின்றன. யாவருக்கும் உரிய பொதுநெறியாக இவற்றைக் கொள்ளும் காலம் இன்னும் கனியவில்லை என்றே தோன்றுகிறது.

தனியறை தருவதால் ஒவ்வொரு மென்பொருளும் தனக்கென ஒரு நிரலகப் படியைச் சுமக்கிறது, ஒன்றில் பாதுகாப்புக் குறை தோன்றினால் எல்லாப் படிகளையும் தேடித் திருத்த வேண்டியிருக்கிறது என்பது மூன்றாம் மறுப்பு. இதனை முற்றும் ஏற்கிறேன். அதனாலேயே மென்பொருள்தோறும் சுவர் எழுப்புமாறு நான் கூறவில்லை. உரியவர்க்கு ஒரு சுவர் போதும் என்கிறேன். வழங்குவோர், நிருவாகி, பயனாளர் என உரியவர் மூவர். மூவர்க்கும் மூன்று இடங்கள் வேண்டும். வழங்குவோருக்கு ‘யு.எஸ்.ஆர்’, நிருவாகிக்கு ‘யு.எஸ்.ஆர்/லோக்கல்’, ‘ஆப்ட்’, பயனாளருக்கு அவரவர் இல்லக் கோப்பகம். ஒருவர் இடத்தில் மற்றவர் எழுதலாகாது. இயங்குதளமா, பயன்பாடா என்று பொருளை நோக்கி வாதிடுவோர் என்றும் முடிவு காணார். யாருடையது என்று உரிமையை நோக்கினால் முடிவு எளிதில் கிட்டும்.

நாம் செய்யத்தக்கது

இக்கருத்து நம் கல்லூரிகளுக்கும் பொருந்தும். சென்னையில் சி-டாக் நிறுவனத்தார் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் டெபியனை அடியொற்றியது. ஆதலின் மேற்கூறிய கோப்பக மரபு அதற்கும் உண்டு. அத்தகைய கணிப்பொறிகளில் தமிழ் எழுத்துருக்களை நிறுவுவோர், கண்ணில் பட்ட ‘யு.எஸ்.ஆர்/ஷேர்’ கோப்பகத்தின் எழுத்துருப் பகுதியில் அவற்றைக் கொட்டிவிடுகின்றனர். அது வழங்குவோரின் இடம். அதே பெயருடைய எழுத்துரு பொதியாக வருமாயின் நாம் வைத்தது அழியும். கணிப்பொறியை மாற்றும்போது நாம் சேர்த்தவை எவை என்று பொறுக்கியெடுக்கவும் இயலாது. ‘யு.எஸ்.ஆர்/லோக்கல்/ஷேர்’ கோப்பகத்தின் எழுத்துருப் பகுதியில் வைத்தால் எழுத்துருவும் இயங்கும். நம் சேர்க்கைகள் யாவும் ஓரிடத்தில் இருப்பதால் படியெடுத்துப் பாதுகாப்பதும் எளிதாகும். சொற்பிழை திருத்தி, அகராதி, சொல்லடைவு ஆகியவற்றை உருவாக்கும் மாணவர்களும் தம் நிரல் எங்கே அமர வேண்டும் என்பதை முதல் நாளிலேயே முடிவுசெய்தல் நன்று.

கணிப்பொறி கற்பிப்போர்க்கும் ஒரு வேண்டுகோள். நிரலெழுதக் கற்பிக்கும் வகுப்பில் கோப்பை எங்கே வைப்பது என்பதற்கும் ஒரு மணிநேரம் ஒதுக்குக. எழுதிய நிரலை எங்கே வைப்பது, எங்கே வைக்கலாகாது, ஏன் வைக்கலாகாது என்பதை மாணவர் அறிந்தால், இயங்குதளத்தைக் கெடுத்துவிட்டுப் பின்னர் முழுவதையும் அழித்து மீண்டும் நிறுவும் வீண்வேலை பெரிதும் குறையும்.

மூலத்தைக் காத்தோர் உரையை வெறுத்தவரல்லர்; உரையின் சிறப்பை உணர்ந்தே அதற்குத் தனியிடம் தந்தனர். இயங்குதளத்திற்கும் பயன்பாட்டு மென்பொருளுக்கும் இடையே எல்லை வேண்டும் என்பதும் ஒன்றை உயர்த்தி மற்றொன்றைத் தாழ்த்துவதற்கன்று. இரண்டும் நீடுவாழ்வதற்கே அவ்வெல்லை வேண்டப்படுகிறது.